லோகாவை ரயில் ஏற்றமாட்டேன்

மகனே,

ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதித்தான் இதுவரை உனக்கு எல்லாக் கடிதத்தையும் தொடங்கியிருக்கிறேன். இந்த முறை அதை எழுதப்போவதில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது. பம்பாயில் உனக்குத் தனியாக ஓர் அறை கிடைத்திருக்கிறது. ஹோட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆடி கழிந்ததும் மாமா அந்தப் பக்கம் வருகிறார், அவரோடு லோகாவை ரயில் ஏற்றி அனுப்பிவிடு என்று எழுதியிருக்கிறாய். உனக்கும் அவளுக்கும் பிறந்து செத்துப்போன குழந்தையைப் பற்றி ஒரே ஒரு வரி. நடந்தது விதி, அடுத்தது நன்றாகப் பிறக்கும் என்று.

லோகாவை அனுப்பமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பாதியில் மடித்து வைத்துவிட்டாலும் பதில் தெரிந்திருக்கட்டும். ஆனால் நீ கடைசிவரை படிக்க வேண்டும். உன்னோடு ரயில் பட்டறையில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன்கள் இருக்கிறார்களே, அவர்களையும் உட்காரவைத்து உரக்கப் படி. அவர்களில் ஒவ்வொருவனுக்கும் ஊரில் இப்படி ஒரு பெண் இருக்கிறாள். அவர்கள் தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. நான் பள்ளிக்கூடத்துப் படி மிதித்தவள் இல்லை. மளிகை கட்டி வந்த தாளையும் கோயில் சுவரில் ஒட்டிய நோட்டீசையும் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டவள். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று சொல்லும் உரிமையும் யாருக்கும் இல்லை.

விதி என்று எழுதினாயே, அதுதான் என்னை இத்தனை பக்கம் எழுதவைக்கிறது. என் பேத்தி எப்படிச் செத்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் வாயில் எதை ஊற்றினார்கள், எதை ஊற்றவில்லை என்று கண்ணால் பார்த்தவள் நான்.

உன் கல்யாணம் நடந்த பங்குனியை நினைத்துப் பார். சின்னப் பெண்களுக்குக் கல்யாணம் செய்யக்கூடாது என்று சட்டம் வரப்போகிறது என்றார்கள். வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மயிலாப்பூரில் தெருவுக்கு நாலு பந்தல். மேளக்காரர்கள் கிடைக்கவில்லை. சட்டம் எதற்கு வருகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை, நானும்தான். தேனாம்பேட்டை மேஸ்திரி நல்ல மனிதர், மாம்பலத்தில் புது வீதிகளில் வீடு கட்டிக் கை நிறையச் சம்பாதிக்கிறார், பெண் லட்சணமாக இருக்கிறாள் என்று தலையாட்டினேன். தாலி கட்டும்போது அவள் தூங்கி விழுந்தாள். எல்லோரும் சிரித்தோம். பெரியவளானதும் இங்கே அழைத்து வந்தோம். நீ சித்திரையில் லீவுக்கு வந்து போனாய். ஆடியில் அவளுக்கு வாந்தி எடுத்தது. ஏதோ ஒத்துக்கொள்ளாததைத் தின்றுவிட்டேன் அத்தே என்று பயந்துபோய் என்னிடம் வந்து சொன்னாள். அவளுக்கு இன்னதென்று தெரியவில்லை. வயசு பதினைந்து.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். வளைகாப்பு முடிந்து தேனாம்பேட்டைக்கு அழைத்துப் போனார்கள், கொண்டுவிட நானும் போனேன். அப்போதுதான் பார்த்தேன், வாசலில் வந்து வாங்க என்று கூப்பிட்ட சம்பந்தியம்மாளுக்கும் வயிறு முன்னால் தள்ளியிருந்தது. அம்மாவும் பெண்ணும் ஒரே நேரத்தில் பிள்ளை பெறப்போகிறார்கள். தெருவில் அதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது. அவளும் லோகாவை இந்த வயதில்தான் பெற்றாள். இப்போது அவளுக்கு முப்பதோ என்னவோ. முன்பல் இரண்டு இல்லை, காதோரம் நரை. நான் அவளை வைது எழுதப்போகிறேன், அதனால் இதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில் அவளுக்குப் பிறந்தான் ஒரு பையன். நாலு பெண்களுக்குப் பிறகு வந்த பையன். அந்த வாரத்திலேயே லோகாவுக்கு உன் பெண் பிறந்தாள். தீட்டு கழிந்ததும் பார்க்கப் போனேன். பின்கட்டு அறையில் இரண்டு தூளிகள். லோகா பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள்: "அத்தே, ஒரு வாய் தண்ணி குடுக்கறீங்களா, அம்மா வர்றதுக்குள்ள?"

நான் சொம்பை எடுத்துவந்தபோது சம்பந்தியம்மாள் வந்துவிட்டாள். "இன்னா சம்பந்தியம்மா, புள்ளையக் கொல்லப் பாக்கறீங்களா? பச்ச ஒடம்புக்காரிக்குத் தண்ணி ஆவாது. கொயந்தைக்கு மாந்தம் இஸ்துகினு வரும்" என்றாள்.

"அவளுக்குத் தண்ணி இல்லாம பால் எங்கேயிருந்து வரும்?"

"பால் வருது, வரல, அது அவ ஒடம்பு. எங்க வூட்டுல இப்புடித்தான். எட்டுப் பெத்தவ நானு. எனக்குச் சொல்ல வந்துட்டீங்க."

"எட்டுல எத்தனை இருக்கு?"

அவள் தூளியை ஆட்டுவதை நிறுத்தவில்லை. "மூணு போச்சு. போனத எண்ணிகினு குந்தினா யாரு சோறாக்கறது?"

விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பிறந்ததும் சுரக்கும் மஞ்சள் பாலைக் கெட்ட பால் என்று பிழிந்து சுவரில் பீய்ச்சியிருக்கிறார்கள். குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர், விளக்கெண்ணெய், வாசலில் வந்த கழுதைக்காரனிடம் வாங்கிய பால். தாய்க்கு வேளைக்கு ஒரு பிடி பத்தியச் சோறு, மிளகுக்குழம்பு. சோறு இறங்குவதற்கு இரண்டு மிடறு வெந்நீர். இன்னும் வளர்த்தி நிற்காத பெண் அவள். அவள் உடம்பே தனக்குக் கொடு என்று கேட்கிற வயசு. அதில் ஒரு பிள்ளையும் பங்குக்கு வந்திருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு பிடி சோறு.

நான் எப்படி இதைக் கண்டுகொண்டேன் என்று கேட்பாய். உனக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். அவனைப் பற்றி நாங்கள் உன்னிடம் பேசியதில்லை. எனக்குப் பதினாலு வயது. என் அம்மா இறந்துபோயிருந்ததால் இதே மயிலாப்பூர் வீட்டில், இப்போது நெல்லுக் குதிர் இருக்கும் அறையில், உன் அப்பாவைப் பெற்றவள் எனக்குப் பிரசவம் பார்த்தாள். இதே பத்தியம். இதே தண்ணீர்த் தடை. மாட்டுக்குக் கழனித்தண்ணீர் ஊற்றும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும், எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைக்கு எப்படிப் பால் கொடுப்பது என்று எனக்குத் தெரியாது. மாமியார் எதிரில் மார்பைத் திறக்க வெட்கம். அவள் அறைக்குள் வந்தால் பிள்ளையை விலக்கிவிடுவேன், அவன் அழுவான், இவளுக்குப் பால் இல்லை என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போவாள். கொடுக்கக் கொடுக்கத்தானே சுரக்கும். வற்றிப்போனது. கூவைக்கிழங்கு மாவைக் கரைத்து ஊற்றினார்கள். அவன் இரண்டு மாதம் அதைக் குடித்துக்கொண்டு என் மடியில் வற்றினான். எனக்கு அழக்கூடத் தெரியவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணோடு பல்லாங்குழி ஆடப் போய்விட்டேன். கல்நெஞ்சக்காரி என்று தெருவே பேசியது.

நீ பிறந்தபோது நான் இருபது தாண்டியவள். நடுவில் ஒன்று வயிற்றிலேயே போயிற்று. இந்த முறை எவர் பேச்சையும் கேட்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். உன் அப்பா, ஆபீசில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத மனிதர், தினமும் விடியற்காலையில் கூஜாவில் தண்ணீர் மொண்டு வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். அந்த மஞ்சள் பாலையும் உனக்கே கொடுத்தேன். கிழவி பார்த்துவிட்டுச் சாபம் கொடுத்தாள். நீ கொழுகொழுவென்று வளர்ந்தாய். திருட்டுத் தண்ணீரில் வளர்ந்த உடம்பு உன்னுடையது. அதை வைத்துக்கொண்டுதான் பம்பாயில் உட்கார்ந்து விதி என்று எழுதுகிறாய்.

தேனாம்பேட்டைக்கு மறுபடி ஒரு நாள் சொல்லாமல் போனேன். வெயிலில் நடந்தே போனேன். பின்கட்டில் லோகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. மனசு குளிர்ந்தது. பரவாயில்லை, பெண்ணுக்குச் சாமர்த்தியம் வந்துவிட்டது என்று பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். அது உன் பெண் இல்லை. அவள் தம்பி.

உன் பெண் தூளியில் கிடந்தாள். லோகாவின் தங்கை, எட்டு வயசுக் குட்டி, சங்கில் எதையோ புகட்டிக்கொண்டிருந்தாள். முகர்ந்து பார்த்தேன். டப்பாப் பால். ஒரு டப்பா நிறைய நாள் வரவேண்டும் என்று கிணற்றுத் தண்ணீரைத் தாராளமாக விட்டுக் கலக்கியிருந்தார்கள். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. மூடாமல் வைத்த கிண்ணத்தின் ஓரத்தில் ஈ.

"லோகா, இது என்ன?" என்றேன்.

"தம்பி பசிக்குதுன்னு அழுவறான் அத்தே. அம்மாவுக்குச் சுத்தமா வரல."

"உன் குழந்தை?"

"அதுக்குத்தான் டப்பாப் பால் கீதே" என்றாள். சொல்லும்போது முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அம்மா சொன்னாள், செய்கிறாள். போன வருஷம் குடத்தை எடுத்துக்கொண்டு போ என்றால் போனாளே, அதுபோல.

சம்பந்தியம்மாளைக் கேட்டேன். "எம் பொண்ணு பாலு, எம் புள்ள குடிக்கறான். உங்களுக்கு இன்னா நோவுது?" என்றாள். பிறகு குரல் தணிந்து, "நாலு பொட்டைக்கு அப்பால பொறந்தவன் சம்பந்தியம்மா. இவனும் பூட்டான்னா அந்தாளு இன்னொருத்தியக் கட்டிகினு வந்துடுவாரு" என்றாள்.

மேஸ்திரி அந்த நேரம் சாப்பிட வந்தார். அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை. "தொரை வூட்டுக் கொயந்தைங்க எல்லாம் இதத்தான் குடிச்சிகினு கீது. உங்க பேத்திக்கு ஒஸ்தி பாலு வாங்கி ஊத்தறேன், அதுக்கும் சண்டையா?" என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். தாய்ப்பால் எல்லாருக்கும் சும்மா வருவது, டப்பாவில் வருவது உசத்தி என்று நம்பினார்.

அன்றைக்கே லோகாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போகிறேன் என்றேன். ஐந்தாம் மாதம்தான் அனுப்புவது வழக்கம், அதுவும் மாப்பிள்ளை எழுதினால் யோசிக்கிறோம் என்றார்கள். உன் அப்பா போய்ச் சேர்ந்ததைக் குத்திக் காட்டி, தாலி அறுத்தவள் பச்சைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி தாண்டவேண்டாம் என்றும் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. வந்து உனக்கு எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். நீ என்ன பதில் போட்டாய்? பெண்டுகள் விஷயத்தில் என்னை இழுக்காதே, அவர்கள் வீட்டு வழக்கத்தில் நீயும் தலையிடாதே, சம்பந்தி மனசு கோணக்கூடாது. அதைப் படித்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். எவர் பேச்சையும் கேட்காத நான், நீ ஆண்பிள்ளை, சம்பாதிக்கிறவன் என்று உன் பேச்சைக் கேட்டேன். அது உன் குற்றமா, என் குற்றமா என்று பிரித்துப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. இருவருக்கும் போதுமான அளவு இருக்கிறது.

வைகாசி வெயிலில் குழந்தைக்குப் பேதி கண்டது. பேதி கண்டால் பால் ஆகாது என்று சங்கையும் நிறுத்திவிட்டார்கள். ஓமத்தண்ணீர் தடவினார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். எனக்கு ஆள் வந்து நான் போனபோது உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. அழுகிறாள், கண்ணில் நீர் இல்லை. லோகாவிடம் மாரில் போடு என்றேன். போட்டாள். குழந்தைக்கு இழுத்துக் குடிக்கத் தெம்பு இல்லை, பழக்கமும் இல்லை. சங்குக்குப் பழகிய வாய். பால் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது. லோகா அதை முந்தானையால் துடைத்துத் துடைத்து, "குடி, குடி, இன்னிக்கு உனக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மாலை விளக்கு வைப்பதற்குள் முடிந்துபோயிற்று.

ஆண்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம். லோகாவின் ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. பையன் தூளியில் அழ ஆரம்பித்தான். சம்பந்தியம்மாள் அவனைத் தூக்கிக்கொண்டுவந்து லோகாவின் மடியில் வைத்தாள். நான் அவளைப் பார்த்தேன். "இன்னா பாக்கறீங்க? அது பூடுச்சு. பாலு கீதே. வீணாப் போவணுமா?" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். லோகா ரவிக்கையில் கை வைத்தாள்.

நான் பையனை எடுத்து அவன் தாயிடம் கொடுத்தேன். லோகாவின் கையைப் பிடித்து எழுப்பி, ஈரத் தலையோடு வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். மேஸ்திரி வழி மறித்தார். "என் மருமகள், என் வீட்டுக்கு வருகிறாள். போலீஸைக் கூப்பிடுவதானால் கூப்பிடுங்கள்" என்றேன். ஜட்கா ஆழ்வார்பேட்டை தாண்டும்வரை அவள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "தம்பி இன்னா பண்றானோ" என்றாள்.

அவளுக்கு மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும். கட்டினேன். அவள் அவிழ்த்து எறிந்தாள். "தம்பிக்கு வேணும் அத்தே, என்னைக் கொண்டுபோய் வுடுங்க" என்று காலைப் பிடித்தாள். மறுபடி கட்டினேன். மறுபடி எறிந்தாள். மூன்றாம் தடவை அவள் கைகளை என் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கட்டினேன். பால் வற்றியது.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பாய். இருக்கிறான். பசும்பாலைக் காய்ச்சிக் கொடு, சங்கை வெந்நீரில் போட்டு எடு என்று ஆள்மேல் ஆள் விட்டுச் சொன்னேன். கேட்டார்களோ என்னவோ. கழுத்து இன்னும் நிற்கவில்லை என்கிறார்கள். அவனுக்கு ஏதாவது ஆனால் தேனாம்பேட்டை முழுக்க என் பெயரைத்தான் சொல்லும். சொல்லட்டும். நான் செய்தது நியாயம் என்று உனக்கு நிரூபிக்கப்போவதில்லை. அந்த அறையில் நீங்கள் எல்லோரும் இரண்டு குழந்தைகள் இருந்ததாக நினைக்கிறீர்கள். மூன்று குழந்தைகள் இருந்தன. ஒன்று போயிற்று. இன்னொன்றை அதன் தாயிடம் விட்டுவிட்டு மூன்றாவதை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். அதைத்தான் நீ ரயில் ஏற்று என்கிறாய்.

அவள் இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். பகலில் தூங்குகிறாள். பட்டினப்பாக்கத்துக்காரி கொண்டுவரும் மீனை உன் அப்பா போனபின் நான் தொடுவதில்லை, அவளுக்காக வாங்கி ஆக்கிப் போடுகிறேன். தைத்த ரவிக்கை எல்லாம் கை பிடிக்கிறது, பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. ஒரு பிள்ளையைப் பெற்றுப் பறிகொடுத்த பிறகும் வளர்ந்துகொண்டிருக்கிறாள். உடம்பு முழுசாகட்டும். பதினெட்டு முடியட்டும். அதற்கு முன்னால் அவள் உன் அறைக்கு வரமாட்டாள். பம்பாயில் அவளுக்கு இன்னொன்று பிறந்தால் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. நீ பட்டறையில் இருப்பாய். அடுத்தது நன்றாகப் பிறக்கும் என்கிறாய். முதலாவதும் நன்றாகத்தான் பிறந்தது.

அனுப்பாவிட்டால் வேறு ஏற்பாடு செய்துகொள்வேன் என்கிற அர்த்தத்தில் கடைசியில் ஏதோ எழுதியிருக்கிறாய். செய்துகொள். அவள் அப்போதும் இந்த வீட்டில்தான் இருப்பாள். வீடு உன் அப்பா என் பெயரில் எழுதிவைத்தது.

நீ வருவதானால் வா. உன் வீடு. முன் அறையில் படுக்கை போட்டுத் தருவேன், அவள் என்னோடு உள்ளே படுத்துக்கொள்வாள். மாமாவை அனுப்பாதே, அவர் வெறுங்கையோடு திரும்பிப் போக நேரும்.

நான் என் பிடிவாதத்தை அவள் பெயரால் எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றும். அதனால் உன் கடிதத்தை அவளுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். புளி கொட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள். நீ எழுதிய அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று விசாரித்தாள். ஹோட்டல் சாப்பாட்டில் காரம் ஜாஸ்தியாக இருக்கும், மோர் குடிக்கச் சொல்லுங்கள் என்றாள். கொட்டை எல்லாம் எடுத்து முடித்தாள்.

"அங்க போனா மறுபடி கொயந்த வருமா அத்தே?" என்றாள்.

"வரும்" என்றேன்.

"அப்ப நான் போவல. எழுதிடுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.

உன் அம்மா